சால்வை யாருக்கு?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் வட சென்னைத் தெருக்களில் நடந்து பாருங்கள். முந்தின நாள் வரை கட்சித் தலைவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017ஆம் ஆண்டே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. முன்பு இது தனியார் பள்ளிகளின் வேலையாக இருந்தது. இப்போது கார்ப்பரேஷன் ஸ்கூல் வாசலிலும் ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். பிள்ளையின் படம் பாஸ்போர்ட் அளவு, வாழ்த்துபவரின் படம் ஆளுயரம்.

கேலிக்காகச் சொல்லவில்லை. கார்ப்பரேஷன் பள்ளியில் படித்த பிள்ளையின் முகம் தெருவில் தொங்குவது எனக்கும் பெருமைதான். நானும் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தேன், என் பெண்ணும் இப்போது அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் உட்கார்ந்திருப்பதால் கொண்டாட்டம், கொடியேற்றம், ஆண்டு விழா எல்லாவற்றிலும் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தோன்றியது. சென்னையின் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்கான மற்ற சேவைகளிலும் கொண்டாட நிறைய இருக்கிறது. ஆனால் நாம் கொண்டாடுவது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தைத்தான். முதல் பக்கத்தை எழுதியவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

முதல் பக்கம் என்றால் காலை எட்டு மணி.

எங்கள் பகுதியில் அப்பாக்கள் பாதிப் பேர் மீன்பிடித் துறைமுகத்துக்கோ மார்க்கெட்டுக்கோ விடியுமுன்பே போய்விடுவார்கள். அம்மாக்கள் ஆறு மணிக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் தாங்களாக எழுந்து, தம்பி தங்கைக்குத் தலை வாரிவிட்டு, டீக்கடையில் டீயும் பொறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். சில நாள் அதுவும் இருக்காது. என் காலத்தில் திங்கட்கிழமை பிரேயரில் யாராவது ஒருவர் மயங்கி விழுவது வழக்கம். டீச்சர் தண்ணீர் தெளிப்பார், நாங்கள் வேடிக்கை பார்ப்போம், அப்புறம் ‘நீராருங் கடலுடுத்த’ தொடரும். மதியம் சத்துணவு உண்டு என்பதால் பன்னிரண்டரை மணி வரை எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாவது பீரியடில் சொல்லிக்கொடுத்த வகுத்தல் கணக்கு எங்கள் வகுப்பில் பலருக்கும் வராமல் போனதற்கு மூளைக் குறைவு காரணமில்லை என்று இப்போது புரிகிறது.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது மாநிலம் முழுவதும் சேர்த்து 1,545 பள்ளிகள். சென்னையில் வட பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் மட்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகள். 2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி மயிலாப்பூரில் ஓர் உதவி பெறும் பள்ளியில், பஞ்சாப் முதலமைச்சரையும் பக்கத்தில் உட்கார வைத்து, நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் என்றது அரசு. இடையில் தெலங்கானா அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போய், 2023 அக்டோபரில் அங்கேயும் ஆரம்பித்தார்கள்.

இதைத் திராவிட மாடல் என்பார் ஒருவர், ஓட்டு அரசியல் என்பார் இன்னொருவர். அந்தச் சண்டை நடக்கட்டும். எனக்குப் பிடித்த கதை இதற்கு நூறு வருஷம் முந்தையது. அது இந்த ஊரிலேயே நடந்தது.

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டம். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் அப்போது மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம் என்று மன்றம் ஒப்புக்கொண்டது. காரணம் எளிமையானது. அங்கே படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனாலேயே வருகை குறைகிறது என்றார் தியாகராயர். அப்புறம் வேறு சில பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். நான்கு பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரு மடங்கு! உடனே என்ன நடந்திருக்கும்? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்கெல்லாம் செலவு செய்யக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு ஆட்சேபித்தது. 1925 ஏப்ரல் 1ஆம் தேதியோடு அடுப்பை அணைத்துவிட்டார்கள். ஆடிட் ஆட்சேபனை என்ற சாமான் அன்றும் இருந்திருக்கிறது.

அவர் பெயரில் இருக்கும் தியாகராய நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்க லட்சக்கணக்கில் போகிறோம். கைநிறையப் பைகளோடு ரங்கநாதன் தெருவில் நசுங்கும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஓரணாக் கணக்கு தெரியும்?

அதன் பின் 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989க்குப் பிறகு கருணாநிதி ஆட்சிகளில் முட்டை வந்தது, ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்கள் வந்தன. இது எல்லாரும் அறிந்த கதை. ஆனால் கவனியுங்கள், இவை அத்தனையும் மதிய வேளை. ஆயிரம் விளக்கில் எரிந்து அணைந்த சிற்றுண்டி அடுப்பு இந்த ஊரின் எல்லா மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கும் திரும்பி வர ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

பலன் உண்டா? முதல் கட்டப் பள்ளிகளை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்ததில் 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியிருந்தது. எங்கள் பள்ளியில் நான் பார்த்தது இன்னும் சின்ன விஷயம். ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளைகள் லேட்டாக வருவது குறைந்தது. எட்டரைக்கு மேல் வந்தால் சாப்பாடு ஆறிவிடும், அல்லது தீர்ந்துவிடும் என்ற கவலையில் பிள்ளைகள் அம்மாவை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். முன்பு அம்மாக்கள்தான் பிள்ளைகளை இழுத்துவருவார்கள்.

சென்னையில் இந்தச் சாப்பாடு பள்ளியிலேயே சமைக்கப்படுவதில்லை. ஏரியாவுக்கு ஒரு பொதுச் சமையற்கூடம். அங்கிருந்து வண்டியில் பாத்திரங்கள் பள்ளி பள்ளியாகப் போகும். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஊர் தூங்கும்போதே அடுப்பு பற்ற வேண்டும். எட்டு மணிக்குச் சூடாக இறங்க வேண்டுமென்றால், நாலரைக்கெல்லாம் காய் நறுக்கி முடித்திருக்க வேண்டும். அதில் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். என் பெண்ணின் வகுப்பில்தான் அவர் மகனும். “ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சுடச்சுடப் போவுது, என் புள்ளைய எழுப்பிவிட ஆள் இல்ல” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அவனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறார். அங்கே அவன் அம்மா சமைத்ததைத்தான் சாப்பிடுகிறான்.

ருசி பற்றி மாணவர்களிடம் கேட்டால் நேர்மையான விமர்சனம் கிடைக்கும். பொங்கலுக்கு நல்ல மதிப்பெண். கிச்சடி பாஸ். உப்புமா நாளில் வரிசையின் வேகம் குறைகிறது. உலகத்தில் எந்தத் திட்டத்தாலும் உப்புமாவைக் காப்பாற்ற முடியாது போலிருக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்: சாம்பார் தண்ணியாக வந்த நாள்கள் உண்டு, வண்டி தாமதமான நாள்கள் உண்டு. குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சில சரியானது, சில இன்னும் ஆகவில்லை.

2023 விரிவாக்கம் நடந்த வாரத்தில், பிள்ளைகள் வீட்டிலும் சாப்பிட்டுப் பள்ளியிலும் சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்ற பொருளில் ஒரு நாளிதழ் தலைப்புச் செய்தியே போட்டது. பசியைப் பார்க்காதவர்கள்தான் அப்படி எழுத முடியும். ஆனால் கழிப்பறைப் பேச்சை எடுத்தார்களே, அதற்கு நன்றி. ஏனென்றால் இந்த ஊர்ப் பள்ளிகளின் அடுத்த சாதனை அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் படித்தபோது பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இருந்தால் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருந்தால் கதவு இருக்காது. எட்டாவதுக்கு மேல் பெண்கள் மாதத்தில் சில நாள் வரமாட்டார்கள், காரணத்தை யாரும் கேட்கவும் மாட்டார்கள். கடந்த சில ஆண்டுகளில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் கட்டட வேலைகள் வேகமாக நடந்திருக்கின்றன. பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு 28 பள்ளிகளை ஏறக்குறைய 95 கோடி ரூபாயில் மாதிரிப் பள்ளிகளாக மாற்றும் திட்டம் அதில் பெரியது. ஸ்மார்ட் வகுப்பறை, விளையாட்டுத் திடல், சுவர் ஓவியம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சரிவுப் பாதை என்று அந்தப் பள்ளிகள் பார்க்க நன்றாக இருக்கின்றன. திறப்பு விழாவில் எல்லாரும் ஸ்மார்ட் போர்டு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியது கழிப்பறை முன்னால். தாழ்ப்பாள் போடுகிற கதவு, குழாயில் தண்ணீர், நாப்கின் போட ஒரு தொட்டி. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் வருகைப் பதிவேட்டில் ஸ்மார்ட் போர்டைவிட இவை அதிகம் வேலை செய்யும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். 28 என்பது நானூற்றுச் சொச்சம் மாநகராட்சிப் பள்ளிகளில் 28தான் என்பதையும் அந்த அம்மாவே சொல்வார்.

இன்னும் கீழே போனால் பால்வாடி. அரசு ஏட்டில் அங்கன்வாடி என்று எழுதினாலும் எங்கள் தெருவில் பால்வாடிதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 2025இல் அதற்கு ஐம்பது வயது நிறைந்தது. எங்கள் ஏரியாவில் யாரும் கேக் வெட்டியதாகத் தெரியவில்லை. ஒற்றை அறை, ஒரு டீச்சர், ஒரு ஆயா. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, போனில் அத்தனையையும் பதிவேற்றுவது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். இதற்கு நடுவில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ‘அணில் ஆடு இலை’ சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் செய்த ஓர் ஆய்வு பற்றிப் படித்ததிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்த பொருளியலாளர்களும் செய்தது. நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்து, அதில் குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று அரை நாள் வேலைக்கு ஒரே ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். இன்னொரு பக்கம், பழைய டீச்சருக்குக் கை ஓய்ந்ததால் உணவு, உடல்நலப் பக்கம் கவனம் கூடி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதமும் குறைந்தது. எந்த ஸ்மார்ட் போர்டும் வாங்கவில்லை. ஒரு மனுஷியை வேலைக்கு எடுத்தார்கள், அரைச் சம்பளத்தில். பிள்ளைகளுக்கான செலவில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருகிற வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இரண்டாவது டீச்சர் எல்லாப் பால்வாடிக்கும் வரும் நாளில் ஃபிளெக்ஸ் கட்ட நானே காசு தருகிறேன்.

கொண்டாட்டம் என்றதும் 2025 அக்டோபர் ஞாபகம் வருகிறது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவர், கண்ணகி நகர் கார்த்திகா. திரும்பி வந்தபோது ஊரே எழுந்து நின்றது. அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பெயர். எல்லாரும் அவரைக் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே சொன்னார்கள். ஆறு, கால்வாய் ஓரங்களில் இருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்ப் போட்ட இடம் அது. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்த முகவரியை எழுதத் தயங்கிப் பக்கத்து ஏரியா பெயரை எழுதியவர்கள் உண்டு. பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்த முகவரியைத் தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி போட்டுக்கொண்டுவிட்டாள்.

அதே கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகின்றன. படிப்பாண்டின் நடுவில் வீட்டை இடித்து, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அனுப்பினால் பிள்ளையின் பள்ளி என்ன ஆகும்? பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே வந்து போனவர்கள் இருக்கிறார்கள். பாதியில் நின்றவர்கள் அதிகம். எங்கள் பள்ளியிலிருந்தும் அப்படிப் போனார்கள். பதிவேட்டில் ‘டி.சி. பெற்றுச் சென்றார்’ என்று இருக்கும். காலைச் சாப்பாடு போட்டுக் கட்டிவைத்த வருகையை ஒரு புல்டோசர் ஒரே காலையில் கலைத்துவிடும். ஒரு துறை கூட்டியதை இன்னொரு துறை கழித்தால் விடை என்ன வரும் என்று மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கே தெரியும். தேர்வு முடியும் வரை எந்தப் பிள்ளையின் வீட்டையும் இடிக்கமாட்டோம் என்று இந்த நகரம் ஓர் எழுதப்பட்ட விதி வைத்துக்கொண்டால், அதுதான் பிள்ளைகளுக்கான பெரிய சேவை.

சரி, சால்வைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழுக் கூட்டம் போட்டோம். குழுவின் தலைவர் பெற்றோரில் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தலைவி மீன் விற்கிற அக்கா, குரல் மார்க்கெட்டுக் குரல். சால்வைப் பட்டியலை ஹெச்.எம். வாசித்தார். கவுன்சிலர், உதவிக் கல்வி அலுவலர், ரோட்டரிக்காரர்கள், நோட்டு வாங்கிக் கொடுத்த நகைக்கடைக்காரர், பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய பழைய மாணவர்கள் மூன்று பேர்.

“அவ்ளோதானா சார்?” என்றார் அக்கா.

“வேற யாரும்மா?”

“காலைல டிபன் ஆக்கறவங்க, வண்டில எடுத்தாறவரு, கக்கூஸ் கழுவுற அம்மா, பால்வாடி டீச்சரு. இவங்கள்லாம் வேற ஸ்கூலா சார்?”

ஹெச்.எம். நல்லவர். தயக்கத்தோடு சொன்னார்: “சமையல்காரங்க நம்ம ஸ்டாஃப் இல்லம்மா. பால்வாடி வேற டிபார்ட்மெண்ட். க்ளீனிங் கான்ட்ராக்ட்.” அவர் சொன்ன மூன்றும் உண்மை. ஒரே பிள்ளையை, ஒரே வளாகத்தில், காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்பவர்கள் மூன்று நான்கு வெவ்வேறு கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். யாருக்கும் யாரும் சொந்தமில்லை. அதனால்தான் எந்தப் பட்டியலிலும் அவர்கள் வருவதில்லை. பள்ளியின் சாதனை என்று கணக்கெடுத்தால் அவர்கள் பள்ளியில் இல்லை. சமூக நலத்துறையின் சாதனை என்று எடுத்தால் பொங்கல் தட்டு எண்ணிக்கை வரும், ஆள் வரமாட்டார்.

அரை மணி நேரம் வாக்குவாதம். நேரமாகும், மேடை தாங்காது, கவுன்சிலர் கோபித்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் ஒரு டீச்சர்தான் வழி சொன்னார். சால்வைகளைப் பாதியாகக் குறைப்போம், மற்ற விருந்தினருக்குச் செடி கொடுப்போம், மிச்சமாகும் காசில் இவர்களுக்குப் புடவை. “அந்த அம்மா சால்வைய வெச்சிக்கினு என்னா பண்ணும், சென்னை வெயில்ல?” என்று தலைவி முடித்துவைத்தார். நகைக்கடைக்காரர் செடியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். கவுன்சிலர் தன் கையாலேயே புடவைகளைக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். யாருக்கும் கோபம் இல்லை. சமையல் அக்கா மட்டும் புடவையை வாங்கியதும் கிளம்பிவிட்டார். பிள்ளைகளின் டான்ஸ் ஆரம்பிக்கவே எட்டு மணியாகிவிட்டது, அவர் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசியது ஆறாம் வகுப்பு பற்றி. காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்து வரைதான். 2025 விரிவாக்கத்திலும் அந்தக் கோடு நகரவில்லை. நடுநிலைப் பள்ளியில் இது விசித்திரமான காட்சி. மார்ச் வரை வரிசையில் நின்ற பிள்ளை ஜூனில் அதே வராண்டாவில் ஓரமாக நிற்கும். தங்கை சாப்பிடுவாள், அண்ணன் தண்ணீர் குடிப்பான். தங்கைகள் தட்டில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போவதை டீச்சர்கள் பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள். பதினொரு வயதில் பசி நின்றுவிடும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

“இது நம்ம கையில இல்லம்மா” என்றார் ஹெச்.எம். இல்லைதான். இருந்தாலும் தீர்மானமாக எழுதினோம், எட்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும் என்று. மண்டல அலுவலகத்துக்கு ஒரு நகல், கவுன்சிலருக்கு ஒரு நகல். ஆயிரம் விளக்கு விஷயத்தை ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். “வரலாறெல்லாம் வேணாம்பா, எத்தினி புள்ள, எவ்ளோ துட்டு, அத்த எழுது” என்றார் தலைவி. எழுதினோம். அதற்கடுத்து மேல்நிலைத் தொட்டி கழுவுவது பற்றிப் பேசினோம்.